வெள்ளைச்சாமியை உரித்தவள்

"சாமி தோலை உரிக்கிறியே மதினி, கை வெளங்குமா?"

குகை வாசலில் நின்று ராக்கப்பன் கத்தினான். மூக்கம்மாள் திரும்பவில்லை. புளித்தண்ணீரில் ஊறிய சாக்கைக் கல்லின் மேலிருந்து எடுத்துவிட்டு, தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினாள். ஒரு பொருக்குப் பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியிலும் சுண்ணாம்பு.

"ஒங்க அண்ணனுக்கு இத்தனை வருசம் ஆக்கிப்போட்ட கைதான் தம்பி. வெளங்கும்."

"அதேன் அவுக இப்படி எலும்பா நிக்கிறாக."

வெளியே உட்கார்ந்திருந்த பங்காளிகள் சிரித்தார்கள். அவள் கணவன் முத்துக்கருப்பனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அடுத்த குடம் புளித்தண்ணீரை உள்ளே கொண்டுவந்து வைத்தான்.

அது 2001, மாசி மாதம். கோம்பைக்கு மேற்கே, வெளுத்த பாறைகளும் பொந்துகளுமாகக் கிடக்கிற சுண்ணாம்புக் கரடு. அதன் பெரிய குகையில் இருந்த இடுப்பளவுக் கல்தான் அந்த அனுமந்தன்பட்டிப் பங்காளிகளின் குலசாமி. சிவராத்திரிக்கு முன்பு வீட்டு மருமகள்கள் கரடேறி, வெறும் கையால் அதற்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். பழைய பூச்சைச் சுரண்டக் கூடாது. அது சாமியின் தோல். வருடத்துக்கு ஒரு தோல் ஏறியது. வெள்ளைச்சாமி என்ற பெயரே அப்படி வந்ததுதான். கடைசியில் கண், மூக்கு, முன்பக்கம், பின்பக்கம் எதுவும் தெரியாத உருண்டையாக சாமி உப்பிப்போனது.

"மாவுருண்டைக்கா கெடா வெட்டுறது?" என்றான் ராக்கப்பன். மூக்கம்மாளின் இளைய கொழுந்தன். பேச்சில் பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவன். தேனியில் சொல்லி, குதிரை மேல் மீசையோடு ஒரு சிமெண்டுச் சிலை செய்யவைத்தான். கரட்டடியில் நின்ற வேனுக்குள் அது காத்திருந்தது. அதை ஏற்றிவிட்டுப் பழைய கல்லை உருட்டிவிடுவது என்று முடிவு.

மூக்கம்மாள் மட்டும் மறித்தாள். சின்னமனூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வருடம், முதல் பூச்சிலேயே அவள் உள்ளங்கையில் ஒரு மேடு பட்டது. பக்கத்தில் இன்னொன்று. மாமியாரிடம் சொன்னாள். "கல்லுன்னா மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும்" என்றாள் மாமியார். வருடாவருடம் மேடு அமுங்கிக்கொண்டே வந்தது. அவள் மறக்கவில்லை.

திராட்சைத் தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் விறகுக்கென்று கரடேறுவாள். அவள் நுழையாத பொந்து அங்கே இல்லை. உள்ளேயிருந்து குளிர்காற்று வீசும் பொந்து, தவழ்ந்து போனால் நின்றுகொள்ள இடம் விடும் பொந்து, கூரையிலிருந்து சுண்ணாம்பு சொட்டிச் சொட்டி விரல்களாகத் தொங்கும் பொந்து. உடும்பு மதினி என்று பெயர் வைத்தார்கள். பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழங்காலக் கல்வீடுகளுக்கு அப்பால், ஒருநாள், குப்புறக் கிடந்த கல் ஒன்றைக் கண்டாள். ஓரகத்தி பவானியைக் கூட்டிவந்து கடப்பாரையால் நெம்பிப் புரட்டினாள். வாளோடு ஒருவன். அவன் பக்கத்தில் ஒரு பெண். தலைப்பக்கம் வளைந்த கல். வெள்ளைச்சாமிக்கும் அதே வளைவு.

"நம்ம சாமிகிட்டயும் ஒரு பொம்பளை நிக்கிறா" என்றாள் பங்காளிகளிடம்.

"பொழுது சாயிறதுக்குள்ள உருவம் வந்தா கல்லு இங்கனயே இருக்கட்டும். வராட்டி நீ இனிமே கரடு ஏறப்படாது மதினி. சம்மதமா?" என்றான் ராக்கப்பன்.

கரடேறாத ஒரு வருடத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சம்மதம் என்றாள்.

வெந்நீர்ப் பானையில் படியும் வெள்ளைப் பொருக்கைப் புளி போட்டுத்தான் அவள் எடுப்பாள். இதற்கும் புளிதான். இரும்பு படக் கூடாது. உச்சிப்பொழுது தாண்டியது. வெயில் குகைக்குள் சாய்ந்து இறங்கியபோது, கல்லின் அடியில் கறுப்பாக ஒரு சுருள் தெரிந்தது.

"வாலு!" என்றான் ராக்கப்பன். "மதினி, ஒம் பொம்பளைக்கு வாலு மொளைச்சிருக்கு!"

குகை முழுக்கச் சிரிப்பு. அவள் சுரண்டினாள். வாலுக்கு முன்னால் ஒட்டிய வயிறு. நீண்ட கால். விறைத்த காது. சிரிப்பு நின்றது.

ராக்கப்பன் கோம்பை நாய் வளர்ப்பவன். மண்டியிட்டு முகத்தைக் கல்லருகே கொண்டுபோனான். "ஏலே, நம்ம நாய்டா! நெஞ்சைப் பாருடா, நெஞ்சை!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சிரட்டையைத் தேடி எடுத்தான்.

"செயிச்சிட்ட மதினி. எந்திரி, நாங்க பாத்துக்கிறோம்."

"நா நாய்க்காகவா ஏறி வந்தேன்? தள்ளு."

நாய்க்கு மேலே வீரன் வந்தான். ஓங்கிய கை, இறுக்கிய கச்சை. அவன் இடப்பக்கத்தைப் பவானியும் அவளும் நனைத்து நனைத்து எடுத்தார்கள். முதலில் முழங்கை. பிறகு மேலே தூக்கிய கை, அதில் வரிசையாக வளையல். பிறகு கொண்டை. முகம் தேய்ந்திருந்தது. மூக்கம்மாள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். அதே மேடு.

பவானி குலவையிட்டாள். குகை அதை வாங்கிப் பெரிதாக்கியது. வௌவால்கள் கலைந்து வெளியே பறந்தன. வாசலில் நின்ற பெண்களெல்லாம் சேர்ந்து குலவையிட்டார்கள்.

"சுண்ணாம்பு கரைச்சு வச்சிருக்கே, என்ன செய்ய?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் மூக்கம்மாளைப் பார்த்தார்கள். ராக்கப்பனும்தான்.

"கொட்டுங்க. இனிமே எண்ணெய்தேன்."

மறுநாள் அவள் தோட்டத்துக்குப் போனாள். குலைகளில் சிறுத்த காய்களைக் கத்தரித்துக் கழிக்கிற வேலை. சுண்ணாம்பும் புளியும் பட்ட விரல்கள் எரிந்தன, துணி சுற்றிக்கொண்டாள். மதியம் பந்தலுக்கடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். பிற்பகலில் மேகம் கூடியது, மழை பெய்யவில்லை. கடைசி வரிசை முடியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நடந்து வீட்டுக்கு வந்தாள்.