உள்பக்கம் ஒட்டிய அறிவிப்பு

அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரங்களைத் தேடித் தருபவர் அவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பத்திரக் கட்டுகளைக் கழிவுப் பட்டு நூலால் கட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

ஆள் பெயரை மட்டும் சொன்னால் தேடி எடுக்க வாரக்கணக்காகும். ஊரும் சர்வே நம்பரும் சொன்னால் அரை மணியில் கிடைத்துவிடும். வெளியே யாருக்கும் இது தெரியாது. புதிதாகச் சேர்ந்த நான் அதை விளக்கி ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன்.

"நல்லா எழுதிக்கிறபா" என்றவர், பசை தடவித் தம் ஜன்னல் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார்.

முசரவாக்கத்து விவசாயி ஒருவர், நில வழக்குக்காகப் பழைய பத்திரத்தின் நகல் கேட்டு, ஆள் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தினமும் வந்து நின்றார். நகல் கைக்கு வருவதற்குள் வழக்கு தீர்ப்பாகி, நிலம் பங்காளிக்குப் போய்விட்டது. நகலை வாங்கும்போதுதான் உள்பக்கத்து அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது.

"சர்வே நம்பரை மடியிலயே வச்சிக்கினு இருந்தேனே சாமி! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ சொல்லலியேபா" என்று முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

விவசாயி போனதும், அறிவிப்பை வெளியே ஒட்டலாமே என்றேன்.

"ஒட்டினா என் ஜன்னலாண்ட எவன் வந்து நிப்பான்?"

யாரிடமும் அவர் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. குடித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.