போயிட்டு வாறன் என்றால் வரவேண்டும்

பக்கத்து வீட்டுத் தவமலர் லண்டன் செவன் கிங்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். நேர்ஸ் ஆகவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஆனால் புத்தகத்தை மூடிவைத்து எத்தனையோ வருடம். இந்த வயதில் படிப்பு மண்டையில் ஏறுமா என்று பயம். அதனால் பட்டப்படிப்பில் சேராமல், பல்கலைக்கழகத்தின் தாதியர் பிரிவில் ஒரேயொரு பாடத்தை மட்டும் தனியாக எடுத்தாள். தேறினால் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது, தவறினால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது என்று முடிவு.

அவளுடைய கணவர் இராஜேந்திரனுக்கு வாய் சும்மா இருக்காது. "பட்டம் இல்லாமல் நூலை மட்டும் வாங்கி என்னப்பா செய்யப்போறீர்?"

"முதல்ல காத்து அடிக்குதோ எண்டு பாப்பம்," என்றாள்.

அவள் எடுத்தது, நோயாளியோடு பேசுவது எப்படி என்ற பாடம். தவமலருக்கா பேசப் படிப்பிப்பது? கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார்களே என்று நான் சிரித்தேன்.

சோதனையன்று பியற்றிஸ் என்ற வயதான நடிகை, ஒப்பரேஷனுக்குப் பயந்த நோயாளியாகக் கட்டிலில் படுத்திருந்தார். தவமலர் அவருடைய கையைப் பிடித்தாள், கேட்டாள், தேற்றினாள். எல்லாம் திறம். நேரம் முடிந்தது. நோயாளியிடம் 'போறன்' என்று சொல்ல எங்களுக்கு வாய் வருமா? "ஐ வில் கோ அண்ட் கம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பையைத் தோளில் மாட்டும்போதுதான் உறைத்தது. திரும்பிவந்து கதவைத் தட்டினாள். எங்கள் ஆட்கள் விடைபெறும்போது அப்படித்தான் சொல்வார்கள், நான் வரப்போவதில்லை, காத்திருக்கவேண்டாம் என்று தன் ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"நான் உண்மையாகவே காத்திருந்தேன்," என்று பியற்றிஸ் சிரித்தார். பக்கத்தில் இருந்து புள்ளி போட்ட ஆசிரியை சிரிக்கவில்லை.

"எல்லாம் இந்த வாயால வந்த வினை, அக்கா," என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொன்ன சொல்லைத் திருத்தப் போனவளை ஆர் பெயிலாக்கிறது எண்டு நானும் பாக்கிறன்!"

ஒருவரும் பெயிலாக்கவில்லை. கடைசி வகுப்பில் ஆசிரியையே முடிவைச் சொன்னார். நோயாளியைக் காக்கவைக்கக்கூடாது என்று திரும்பிவந்தது அவருக்குப் பிடித்திருந்ததாம். தவமலர் நன்றி சொல்லிக் கிளம்பும்போது மறுபடியும் அதே 'கோ அண்ட் கம்' வந்து விழுந்தது.

"இந்த முறை வருவீர்களா?" என்று ஆசிரியை கேட்டார்.

சந்தோசத்தில் ஆங்கிலம் ஓடிவிட்டது. "ஓம், வாறன்," என்றாள் தவமலர்.

விண்ணப்பித்துவிட்டாள். இராஜேந்திரன்தான் பாவம், நக்கலடிக்க வேறு ஏதாவது தேடவேண்டும்.