ஏழுமலையின் எஃப்.சி.

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா? கவனித்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். மாமல்லபுரம் கடற்கரையில் சாப்பிட்ட மீன் வறுவல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ள, மாரடைப்பு என்று நானே முடிவு செய்து, வீட்டையே கலக்கிவிட்டேன். வெறும் வாயு என்றார் டாக்டர். கொஞ்சம் ஏமாற்றம்தான்... ஒரு எழுத்தாளனுக்கு வருகிற வியாதியா அது? எதற்கும் இருக்கட்டும் என்று நாலு நாள் வைத்துக்கொண்டார்கள். மனைவி பிளாஸ்க்கோடு இரண்டு மாடி ஏறி வந்து போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வார்டில் நர்ஸிங் மாணவிகள் எங்களைப் பரிசோதித்துத்தான் தொழில் பழகுவார்கள். எனக்கு வாய்த்தவள் கலைவாணி, மதுராந்தகத்துப் பெண். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்து முடித்தும் கையை விடவில்லை. சரி, நம் வாசகி போலிருக்கிறது என்று முகத்தைக் கொஞ்சம் கம்பீரமாக வைத்துக்கொண்டேன்.

"நாடி அப்பவே முடிஞ்சிடுச்சு சார். மூச்ச எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றாள். "எண்றேன்னு சொன்னா நீங்க மூச்ச மாத்திடுவீங்க. அதான் கைய விடல."

நியாயம்தான். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நாம் எதைத்தான் மாற்றாமல் இருக்கிறோம்?

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை. திருப்போரூர்க்காரர், டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர். முந்தின நாள் வயிற்று வலி என்று வந்து படுத்தவர். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். வலி இல்லையென்றால் இன்றைக்கே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலையில்தான் கலைவாணிக்குப் பிராக்டிகல் பரீட்சை. அவளுக்குக் கொடுத்த நோயாளி — ஏழுமலை.

அவள் வருவதற்கு முன்னால் என் பக்கம் சாய்ந்து ரகசியம் சொன்னார்.

"எஃப்.சி.க்கு வண்டி காட்டுறா மாதிரிதான் சார் இது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போயி பிரேக்கு புடிக்கல, ஸ்டீரிங்கு ஆடுதுன்னு நாமளே சொல்லுவமா? கம்முனு இருந்தா பாப்பா பாஸு, நான் வூட்டுக்கு."

தகுதிச் சான்றிதழுக்குப் போகிற வண்டி மாதிரி, நோயாளியிடம் கோளாறு இருந்தால் பரிசோதிக்கிற மாணவிக்கு மார்க் குறையும் என்பது அவர் கணக்கு. நான் திருத்தியிருக்கலாம். ஆனால் உவமை நன்றாக இருந்ததால் ரசித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். எழுத்தாளர்களால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பரீட்சை அதிகாரி அம்மையார் கட்டிலருகே வந்து நின்றார். கலைவாணி முதலில் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். தொடுவது கடைசியில்தான் — முதலிலேயே தொட்டு அழுத்தினால் குடலின் சத்தம் மாறிவிடுமாம். அப்புறம் மெல்ல அழுத்த ஆரம்பித்தாள். எனக்கு ஒன்று விசித்திரமாக இருந்தது. கை வயிற்றில் இருந்தது, கண் அங்கே இல்லை. ஏழுமலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாண்ணா?"

"இல்லம்மா."

வலது பக்கம், அடிவயிறு. அழுத்தி, சட்டென்று கையை எடுத்தாள்.

"இங்க?"

"ஒண்ணியும் இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கலைவாணி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். 'வலி இல்லை' என்று சொல்லிவிட்டால் யாரும் தப்புச் சொல்லப்போவதில்லை. நோயாளியே வாயால் சொன்னது. அதிகாரியோ கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"பேஷண்ட் வலி இல்லங்கிறாரு மேடம்" என்றாள். "ஆனா மொகம் இருக்குதுங்குது."

அம்மையார் தானே ஒரு முறை அழுத்திப் பார்த்தார். ஏழுமலையின் சிரிப்பு அப்படியே இருந்தது. நெற்றி மட்டும் வியர்த்துவிட்டது. டாக்டருக்கு ஆள் போனது. அன்று சாயங்காலமே ஆபரேஷன். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். வீட்டுக்குப் போயிருந்தால்... என்று ஆரம்பித்த சர்ஜன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

நிச்சயதார்த்தம் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போனது. மாப்பிள்ளையின் அப்பா ஆப்பிளோடு வந்து, பையன் எங்கும் ஓடிவிட மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் ஏழுமலைக்குக் கோபம் ஆறியது. அதுவரை கலைவாணியைக் கண்டாலே ஒரே புகார்தான்.

"உன்ன பாஸ் பண்ண வெக்கத்தான பொய் சொன்னேன். என்னியே மாட்டி வுட்டுட்டியே பாப்பா."

"நான் பாஸுண்ணா" என்றாள் அவள். "உங்க வண்டிதான் ஃபெயிலு."

யோசித்துப் பார்க்கிறேன். 'எப்படி இருக்கே?' என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கேட்கிறோம்? பதில் வரும்போது நம் கண் எங்கே இருக்கிறது? செல்போனில், டி.வி.யில், வாசலில் கிடக்கிற செருப்பில்... நல்லா இருக்கேன் என்று சொல்வதற்குக் காரணமா இல்லை? ஒருவருக்கு மகளின் நிச்சயதார்த்தம், இன்னொருவருக்கு இன்னொன்று.

வீட்டுக்கு வந்த அன்று பேப்பரை விரித்தபடி மனைவியைக் கேட்டேன், மாடி ஏறி இறங்கினாயே, முழங்கால் எப்படி இருக்கிறது என்று. ஒண்ணுமில்லை என்றாள், வழக்கம்போல.

பேப்பரை இறக்கினேன்.

திங்கட்கிழமை மறுபடி செங்கல்பட்டு போகிறோம். இந்த முறை பிளாஸ்க் என் கையில்.