கிணற்றுப் படத்தின் கீழே எழுதியது

எழுத்தில் ஆதாரம் இல்லாத எதையும் கண்காட்சியில் வைப்பதில்லை என்பது எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் விதி. அந்த விதியை எழுதியவன் நான். சென்ற ஆண்டு திருப்பதியில் மூன்று நாள் கண்காட்சி நடத்தியபோது, அதை மீறியவனும் நான்தான் என்று தெரியவந்தது.

நாகலாபுரம் பக்கத்து கிராமம் ஒன்றின் பழைய புகைப்படம் அது. புதிதாக வெட்டிய கிணறு. முன்னால் கழுத்தில் மாலையோடு, சலவை வேட்டியில் ஊரின் பெரிய வீட்டுக்காரர். பின்னால் கடப்பாரையும் மண்கூடையுமாகச் சிலர். படத்தைத் தந்தவர் பெரிய வீட்டுக்காரரின் பேரன். அது எந்த ஆண்டு எடுத்தது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் அலைந்தேன். பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையைப் பார்த்தேன். ஓரத்தில் தெரிந்த, கம்பி இழுக்காத மின்கம்பத்தைப் பஞ்சாயத்துப் பதிவோடு ஒப்பிட்டேன். ஆனால் ‘காலனி மக்களுக்குப் பெரிய வீட்டார் தானமாக வெட்டித் தந்த கிணறு’ என்று பேரன் சொன்னதை ஒரு கேள்வியும் கேட்காமல் கீழே தட்டச்சு செய்துவிட்டேன்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றிருந்தார். ஓரத்தில் மண்கூடையோடு நிற்கும் இளம்பெண் தன் அம்மா என்றார். பெரிய வீட்டுக் கிணற்றில் காலனிக்காரர்களைச் சேர்க்கவில்லையாம். கூலி வேலை முடிந்து வந்து, சாயங்காலங்களில் அவர்களே தோண்டிய கிணறாம் இது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கு எங்கம்மாவ இட்டுக்கினு வரேன் சார். அதுக்குப் படிக்கத் தெரியாது. கீழ இன்னா எழுதிக்கிதுன்னு என்னத்தான் கேக்கும். இத எப்டி சார் படிச்சிக் காட்றது?”

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. குறிப்பை மாற்ற வேண்டும் என்று சங்கத் தலைவரிடம் போனேன். அந்த ஸ்ரீசிட்டிக்காரர் சொல்வதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் என்று தலைவர் கேட்டார். நாம் எழுதியதற்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்டேன்.

“எந்துக்கண்டி ஈ கொடவ?” என்று, எதற்கு இந்த வம்பு என்பதுபோல் தெலுங்கில் அலுத்துக்கொண்டார். “பெரிய குடும்பம் சார் அது. பொய்யா சொல்வாங்க?”

“அப்ப காலனிக்காரங்க சொல்வாங்களா?”

 தலைவர், மறுநாள் நிறைவு விழாவுக்கு அந்தப் பேரன்தான் சிறப்பு விருந்தினர் என்று நினைவூட்டினார்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சர்ச்சை வேண்டாம் என்று படத்தையே கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வரியைத் திருத்துவதைவிட அத்தனை மனிதர்களையும் சுவரிலிருந்து இறக்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.  நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த படத்தைத் தெருமுனைக் கடையில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு திரும்பும்போது தாயும் மகனும் வந்திருந்தார்கள்.

அந்த அம்மாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். “ஆளுக்கொண்ணு தரேன்னு சொல்லித்தான் அன்னிக்குப் படக்காரன் புடிச்சான். இப்பத்தான் கண்ணால பாக்கறேன்” என்றார். இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாலை போட்டவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டேன்.

“அவரா? படம் புடிக்கத்தான் வந்தாரு.”

காலனி மக்கள் தோண்டிய கிணறு என்று எழுதி, பெயர்களைக் கீழே வரிசையாகச் சேர்த்தேன். மகன் சத்தமாகப் படித்துக் காட்டினார். அம்மாள் கேட்டுவிட்டு, ஒருவர் விட்டுப்போயிருக்கிறார் என்றார். படத்தில் வேறு யாரும் இல்லையே என்றேன்.

“எப்டி இருப்பான்? நாங்க மேல நின்னுக்கினு இருந்தப்ப அவன் உள்ள சேறு வாரிக்கினு இருந்தான். அவன் பேரையும் எழுதுபா.”

எழுதினேன். அதே ஆணியில் நானே மாட்டினேன். விருந்தினர் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போனதாகச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. படத்திலேயே இல்லாத ஒருவரின் பெயரை எந்த ஆதாரத்தில் சேர்த்தேன் என்று கேட்டிருந்தார்கள். கிணற்றுக்குள் நின்றவர் படத்தில் விழமாட்டார் என்று பதில் எழுதினேன். அந்தப் பெயரை எடுக்க மாட்டேன் என்றும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.