சன்ஸ்கிரீன் டியூபில் நான் எழுதிய இரண்டு சொற்கள்

1. பஸ்ஸில் வந்த புகார்

ஏற்காடு பஜாரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் பார்மசிஸ்டாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் மகளுக்கு அப்போது ஒரு வயது. வீட்டில் அவளுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தை மூன்று முறை எண்ணிப் பார்க்கிற ஆள் நான். கடையிலும் அப்படித்தான் இருந்தேன். அப்படியும் தப்பு நடந்தது. புதிதாகக் கவுண்டரில் நிற்கப் போகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, வாழவந்தி கிராமத்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சின்னப்பொண்ணு தன் மகளைக் கவுண்டர் முன்னால் நிறுத்தி, அவள் தலையை மூடியிருந்த துண்டை விலக்கினார். பிள்ளையின் மூக்கும் கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. மேலுதட்டில் கொப்பளம்.

பூங்கொடிக்கு ஏழு வயது. பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறம் இல்லாதவள். நம் தோலின் கருமை நமக்குக் கொடுக்கும் பாதுகாப்பு அவளுக்கு இல்லை. பார்வையும் சற்று மங்கல். சேலத்துத் தோல் டாக்டர் அவளுக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் எழுதியிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் அவர்கள் வந்தபோது 30 ஸ்டாக் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். 30 வரும்வரை 15 கொடுக்கலாம் என்றார். கொடுத்தேன்.

"அவங்கப்பா இனிமே பள்ளிக்கூடம் வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க" என்றார் சின்னப்பொண்ணு. "ஊட்டுக்குள்ளயே இருக்கட்டுங்கறாரு."

பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை. புத்தகப் பையைத் தோளிலிருந்து கழற்றவும் இல்லை.

முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "ஏன் அம்மிணி, முப்பது எழுதுன எடத்துல பதினஞ்சக் குடுத்தா மூஞ்சி வேகாம என்ன பண்ணும்?"

2. நம்பர் என்ன சொல்கிறது

எஸ்பிஎஃப் 30 என்றால் முப்பது மணி நேரம் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. 15-ஐப் போல இரண்டு மடங்கு பலம் என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம். லாட்ஜில் தங்க வருகிறவர்கள் "பெரிய நம்பரா குடுங்க" என்று கேட்பது அதனால்தான்.

கணக்கு எளிது. தோலைச் சுடும் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கை 15 உள்ளே விடும். 30 முப்பதில் ஒரு பங்கை விடும். நூறு பங்கு வெயிலில் 15 ஏழு பங்கை விட்டு 93-ஐத் தடுக்கிறது, 30 மூன்றை விட்டு 97-ஐத் தடுக்கிறது. பூங்கொடிக்கு அந்த நான்கு பங்கும் முக்கியம், அதனால்தான் டாக்டர் 30 எழுதினார். ஆனால் முகம் இப்படி வேக அது மட்டும் போதாது. அன்று அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கணக்கை மறுபடி போட்டேன். சரியாகவே வந்தது. கண் முன்னால் நின்ற முகம் மட்டும் சரியாக இல்லை.

பழைய டியூபைக் கேட்டேன். சின்னப்பொண்ணு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஐம்பது கிராம் டியூப், இரண்டு மாதம் ஆகியும் புதுசு போலக் கொழுகொழுவென்று இருந்தது. எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்தாப்லதானுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. பாப்பாதான் படிச்சுச் சொல்லும்."

பூங்கொடி டியூபை வாங்கி மூக்கோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "லே-சா-கத் தட-வவும்."

என் கையெழுத்துதான். ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்டுகளுக்கு அப்படித்தான் லேபிள் எழுதுவோம். அதிகம் போட்டால் தோல் மெலிந்துவிடும். எழுதி எழுதிப் பழகிய கை இதற்கும் எழுதிவிட்டது. நம்பரை டாக்டர் வரைக்கும் போய்க் கேட்டவள், லேபிளை ஒருமுறைகூடத் திருப்பிப் படிக்கவில்லை.

3. தராசு

கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தில் ஒரு வரி இருக்கும்: சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம். அந்தக் கனத்தில் பூசிச் சோதித்துத்தான் டியூபில் நம்பர் போடுகிறார்கள். மெல்லிசாகப் பூசினால் அந்த நம்பர் முகத்துக்கு வந்து சேராது, அது 15 ஆனாலும் 30 ஆனாலும்.

பிள்ளையின் முகம், கழுத்துக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டு, ஆயின்ட்மென்ட் கலக்கும் சின்னத் தராசில் பட்டர் பேப்பர் வைத்து நிறுத்தேன். முக்கால் கிராம். வழக்கமாக எடுக்கும் அளவைப் பக்கத்தில் வைக்கும்படி சின்னப்பொண்ணுவிடம் சொன்னேன். துவரம்பருப்பு அளவு வைத்தார்.

"இத்தனையும் போட்டா கூத்துக்கு வேசம் கட்டுனாப்ல இருக்குமுங்க" என்று சிரித்தார். முதலாளி, செவுத்துக்கு வெள்ளையடிக்கவா என்று கேட்டுவிட்டு, பிறகு அவரும் பேப்பரைக் குனிந்து பார்த்தார்.

முதலாளி முன்னால் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டேன். "தப்பு உங்க மேல இல்லீங்க. பாப்பா சரியாத்தான் படிச்சுருக்கா. நாந்தான் தப்பா எழுதிட்டேன். ஊட்ல அவரு கிட்டயும் இதையே சொல்லுங்க."

கொப்பளத்துக்கு முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லி, புண் ஆறியபின் போடப் புது டியூப் கொடுத்தேன். 30 அப்போது வந்திருந்தது. லேபிளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: வெளியே போகக் கால் மணி நேரம் முன்பு கெட்டியாகப் பூசவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவும். மூடுபனி நாளிலும் பூசவும். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, குடை ஆகியவைதான் முதல் பாதுகாப்பு, துணி மூடாத இடத்துக்குத்தான் கிரீம் என்றும் விளக்கினேன். பூங்கொடி படித்துக் காட்டிய பிறகே டியூபைக் கையில் கொடுத்தேன்.

4. காலி டியூப்

இன்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்கிறேன். நம் நிறத் தோலுக்குச் சாதாரணமாக 15 போதும். பூங்கொடி போன்றவர்களுக்கு, வெயில் ஒவ்வாத நோய் உள்ளவர்களுக்கு 30. தோலின் ஆழம் வரை போகும் யுவிஏ கதிரையும் தடுக்கும் என்று டியூபில் போட்டிருக்கிறதா பாருங்கள், எக்ஸ்பைரி பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கிரீம் வேண்டாம், நிழல் போதும். இவ்வளவும் சொன்ன பிறகு, பூசிக் காட்டச் சொல்லுங்கள். நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அவர்கள் கைதான் சொல்லும்.

அன்று பூங்கொடி வந்துபோன பிறகு ஒரு மாதம்போல எனக்கு நிம்மதி இல்லை. வாழவந்தி பஸ் வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அதிலிருந்து இறங்கிய ஒருவர் நேராகக் கடைக்கு வந்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து உட்புறம் வழித்தெடுத்த டியூப் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். பூங்கொடியின் அப்பா.

எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். நான் எடுத்து வைத்த புது டியூபைத் திறந்து, தன் கறுத்த முன்கையில் வெள்ளைவெளேரென்று ஒரு பட்டை இழுத்துக் காட்டினார்.

"இந்தக் கனம் இல்லீன்னா பாப்பா உடமாட்டீங்கறாளுங்க" என்றார். "சீக்கிரம் பில்லு போடுங்க. மத்தியானம் மறுக்காப் பூசோணும், பள்ளிக்கூடத்துல காத்துட்டு இருப்பா."