மேஸ்திரி கல்

எனக்கு வாய் நீளம்னு எங்க தெருவே சொல்லும். சொல்லட்டும். ஆனா கை சுத்தமான கை. கல்லுல இருக்கிறதை அப்படியே பேப்பர்ல எடுக்கிற வேலையில ஓசூர்ல அன்னிக்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமைன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க, எனக்கொண்ணும் குறைஞ்சு போயிடாது.

நாங்க விருதுநகர் பக்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க. வீட்டுக்காரருக்கு ஜூஜுவாடி பக்கம் ஒரு கம்பெனியில டூல்ரூம் ஃபிட்டர் வேலை. வந்த புதுசுல எனக்குப் பொழுதே போகாது. பக்கத்து வீட்ல தெலுங்கு, எதிர்வீட்ல கன்னடம், கடைக்காரர் மூணையும் கலந்து பேசுவார். நான் பேசுற தமிழைக் கேட்டு எல்லாரும் சிரிப்பாங்க. ஒருநாள் மலைக்கோயிலுக்குப் போனப்ப ரெண்டு பேர் கல்வெட்டைப் படி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கல்லை நாருல தேய்ச்சுக் கழுவி, ஈரப் பேப்பரை ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள்ள இறக்கி, அது பாதி காஞ்சதும் துணிப்பொதியில மையைத் தொட்டு ஒத்தினாங்க. பேப்பரை உரிச்சா எழுத்து வெள்ளையா நிக்குது, சுத்திலும் கறுப்பு. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரலை. "என்னம்மா வேணும்"னு கேட்டாங்க. "ஒண்ணும் வேணாம், பாக்குறேன்"னு சொன்னேன். பாத்தே கத்துக்கிட்டேன்.

கத்துக்கிட்டேன்னு சொல்றேனே தவிர, மொத ஆறு மாசம் படாத பாடு. வீட்டுக்காரர் கம்பெனியில பார்ட்ஸ் சுத்தி வர்ற பேப்பரைக் கொண்டாந்தார். அது துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் ஏத்தின பேப்பராம், மையைக் கிட்டவே சேக்கலை. காலண்டர் தாள் ஈரம் பட்டதும் கிழிஞ்சுது. கடைசியில பெங்களூர் போயி, கையால செய்ற பேப்பர் வாங்கிட்டு வந்தேன். மொத உருப்படியை வீட்டுக்காரர் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தார். "இது எங்க ப்ளூ மேட்சிங்குதாண்டி. இரும்புல நீல மையைத் தடவி இன்னொண்ணை வச்சு அமுக்குவோம். மேடு மையை வாங்கும், பள்ளம் வாங்காது. நீ அதைக் கல்லுல பண்ணியிருக்க." அந்த மனுசன் வாயில இருந்து பாராட்டு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்லை. அன்னிக்கு ராத்திரி அவருக்கு ரெண்டு ஆம்லெட் போட்டேன்.

இந்தப் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமே கிடையாது. வாள் பிடிச்சவன், குதிரை மேல போறவன், புலியைக் குத்துறவன்னு வயக்காடு பூரா நிக்கிறாங்க. எடுத்து, ஃப்ரேம் போட்டு, கம்பெனி குடும்ப விழாவுல ஒரு மேசை போட்டு வித்தேன். ஆபீசர் வீட்டம்மாங்க வாங்கினாங்க. இன்னாரோட வீட்டு ஹால்ல என் கை வேலை தொங்குதுன்னு ஆட்டோவுல போகும்போது காட்டிக்கிட்டே போவேன், ஆட்டோக்காரர் கேட்டாலும் கேக்காட்டியும்.

ரெண்டாயிரத்தஞ்சு, ஆறு வாக்குல நாங்க சொந்தமா வீடு கட்ட ஆரம்பிச்சோம். ஊர் முழுக்க வீடு கட்டிக்கிட்டு இருந்த நேரம் அது, மேஸ்திரி கிடைக்கிறதே அபூர்வம். எங்களுக்குக் கிடைச்சவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வேலை தங்கமான வேலை, ஆனா ஆள் வந்தால்தானே. "நாளைக்கு வந்துடுறேம்மா"ன்னு சொல்லுவார், அந்த நாளை வர நாலு நாள் ஆகும். எந்திரிச்சா மேஸ்திரி, படுத்தா மேஸ்திரி, என் வாயில வேற பேச்சே இல்லை.

அந்த மாசத்துல ஒருநாள்தான் பேரிகைங்கிற ஊருக்குப் போற வழியில ஒரு கேழ்வரகு வயல்ல அந்தக் கல்லைப் பாத்தேன். இடுப்பு உசரம் இருக்கும். செதுக்கினதுல ஆளே இல்லை, ஒரு கை மட்டும். முழங்கையை மடக்கி, உள்ளங்கையை விரிச்சு மேல தூக்கின கை. கட்டை விரல் கிட்ட ஒரு உருண்டை. மணிக்கட்டுல வரிசையா வளையம். வயல்காரம்மா வரப்புல நின்னுக்கிட்டு இருந்தாங்க, என்னைவிடப் பத்து வயசு மூத்தவங்க, வீட்ல தெலுங்கு பேசுறவங்க. மோட்டார் தடதடன்னு ஓடுது. "அக்கா, இது என்ன கல்லு, படி எடுத்துக்கட்டுமா"ன்னு கத்தினேன். அவங்களும் கத்தினாங்க. என் காதுல விழுந்தது, "மேஸ்திரி கல்லு, எடுத்துக்கோ."

விழுமா விழாதா? விழும். என் நிலைமையில யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

அப்புறம் மீதியை என் வாய் பாத்துக்கிச்சு. அந்த உருண்டை தூக்குக்குண்டு, நூல் தேஞ்சு போச்சு. மணிக்கட்டுல இருக்கிறது மேஸ்திரிமார் மட்டம் பாக்கிற நூல், அதைத்தான் சுத்தி வச்சிருக்கார். அந்தக் காலத்துல கோயில் கட்டினவருக்கு ஊர்க்காரங்க வச்ச மரியாதை. எல்லாம் நானா சொன்னது, ஒரு மூச்சுல. டிடிபி சென்டர்ல குடுத்து 'மேஸ்திரி கல்'னு லேபிள் அடிச்சு ஒட்டினேன். புது வீட்டுக்குக் குடுக்க இதைவிடப் பொருத்தமான பொருள் உண்டா? வாள் பிடிச்சவனை எல்லாம் ஓரங்கட்டிட்டு இந்தக் கை பிச்சுக்கிட்டுப் போச்சு.

மொத பிரதியை வாங்கினது எங்க மேஸ்திரிதான். சாரத்துல இருந்து இறங்கி வந்து, சிமெண்டுக் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, ரொம்ப நேரம் பாத்தார். "எங்காளுங்களுக்குக் கூடக் கல்லு வச்சிருக்காங்களாம்மா? எத்தினி வூடு கட்டியிருப்பேன். பால் காய்ச்சுற அன்னிக்கு ஒரு வேட்டி குடுப்பாங்க, அதோட சரி." சும்மா எடுத்துக்கோங்கண்ணேன்னு சொன்னேன், கேக்கலை. கூலியில பிடிச்சுக்கச் சொல்லி வாங்கிட்டுப் போனார். அதுக்கப்புறம் ஒருநாள் தப்பாம வேலைக்கு வந்தார். என் வீடு சொன்ன தேதிக்கு முடிஞ்சதுக்குக் காரணமே அந்தக் கைதான்னு நான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

குடி போனதும், கல்லு குடுத்த புண்ணியவதிக்கு ஒண்ணு குடுக்காம இருக்கலாமான்னு நல்ல ஃப்ரேமாப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். வயல்காரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. லேபிளைக் காட்டி, "இன்னா எழுதிக்கீற, படி"ன்னாங்க. நெஞ்சை நிமிர்த்திப் படிச்சேன்.

"இன்னா கல்லு? இன்னொரு தபா படி."

படிச்சேன். அவங்க மூஞ்சி போன போக்கைப் பாத்ததும் என் குரல் தானா இறங்கிடுச்சு.

"மேஸ்திரி இல்லமா. மாஸ்தி. எங்க வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. புருசன் சண்டையில செத்துட்டான்னு நெருப்புல எறங்குனவ. கையில இருக்கிறது எலுமிச்சம்பழம். அவ ஒடம்பு போச்சு, இந்தக் கை ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம். வருசா வருசம் பொங்கலுக்கு வளையல் போடுறோம். அவளைப் போயி மேஸ்திரின்னு ஊரெல்லாம் வித்தியா?"

நெருப்புல போனவளைத் தூக்கிக் கட்டட வேலைக்கு அனுப்பியிருக்கேன். எங்க பக்கத்துல மாஸ்தின்னு ஒரு சொல்லே நான் கேட்டதில்லைன்னு சொல்லலாம்தான். ஆனா தூக்குக்குண்டும் நூலும் யார் சொல்லி வந்துது? "அவ பேரு என்னக்கா"ன்னு கேட்டேன். "பேரு யாருக்குத் தெரியும்"னாங்க. அதைக் கேட்டதும் எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு. இறங்கினாளோ இறக்கினாங்களோ, பேரைக் கூட வச்சுக்காம விட்டிருக்காங்களே பாவிங்க.

அவங்க என் கிட்ட இருந்து ஃப்ரேமை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. தூக்கி எறியப் போறாங்கன்னுதான் நினைச்சேன். கண்ணாடி மேல விரலை வச்சு வளையலை எண்ணினாங்க. ஏழு. மேல இருந்து ரெண்டாவதுல விரல் நின்னுது. கல்லுல அந்த வளையல் பாதி உடைஞ்சிருக்கும். பேப்பர்லயும் பாதிதான் இருந்துது. அதை முழுசாக்கினா அழகா இருக்கும்னு கடைக்காரர் ஒருத்தர் கேட்டதுக்கு, இல்லாததை என் கை போடாதுன்னு சண்டை பிடிச்சு அனுப்பினவ நான்.

"நான் கல்யாணமாயி வந்தப்பவே இது ஒடைஞ்சுதான் இருந்துது"ன்னாங்க. அப்புறம், "வாய்தான் தப்பு பண்ணிக்கீது. கை பண்ணல"ன்னாங்க. "வித்த வூட்டுக்கெல்லாம் போயி நீயே உன் வாயால நெஜத்தைச் சொல்லு. சொல்லிட்டு வந்து கல்லைத் தொடு. அதுக்கு முன்னால இந்த வரப்புல காலு வைக்காத."

லேபிளைக் கிழிச்சு முந்தியில முடிஞ்சுக்கிட்டு பஸ் ஏறினேன். பதினொரு வீடு. ஒரு வீட்டம்மா, நெருப்புல போனவ படத்தையா எங்க ஹால்ல மாட்டச் சொன்னீங்கன்னு முகத்துக்கு நேரா நீட்டினாங்க, காசைக் குடுத்துட்டு வாங்கிக்கிட்டேன். ஒருத்தர் சிரிச்சுட்டு, பேனாவால தானே திருத்தி எழுதிக்கிட்டார். ரெண்டு வீட்ல நான் சொன்னதைக் காதுலயே போட்டுக்கலை. இதெல்லாம் பெரிசில்லை. பத்து வீடு ஏறி இறங்கினப்பவும் மனசுல அந்தப் பதினோராவது வீடு, மேஸ்திரி வீடுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தன் சாதி சனத்துக்கு, தன் தொழிலுக்குன்னு ஒருத்தன் கல்லு நட்டிருக்கான்னு நெஞ்சு நிறைஞ்சு வாங்கிட்டுப் போன மனுசன். அவர் கிட்ட இருந்து அதைப் பிடுங்கணும். பிடுங்கலைன்னா வயல் பக்கம் போக முடியாது. ரெண்டு தடவை அவர் தெரு முனை வரைக்கும் போயி, தைரியமில்லாம திரும்பி வந்தேன். நான், வாய்க்காரி, திரும்பி வந்தேன்.

மூணாவது தடவை ஞாயித்துக்கிழமை. வரிசை வீட்ல ஒரு ரூம். கதவைத் திறந்தா நேரா தெரியுற சுவத்துல, சாமி படத்துக்குச் சமமா மாட்டியிருக்கார். அவர் சம்சாரம் டீ போட்டுக் குடுத்தாங்க. அவரோடவே சித்தாளா வேலை பாக்கிறவங்க, என் வீட்டுக்கும் செங்கல் சுமந்தவங்க. டீயைக் கையில வச்சுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினேன். மோட்டார் சத்தம், மாஸ்தி, எலுமிச்சம்பழம், வளையல். "அது மேஸ்திரி கை இல்லண்ணே. பொம்பளை கை. என்னை மன்னிச்சுக்கோங்க, காசைத் தந்துடுறேன்."

அவர் படத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

"பொம்பளை கைன்னு எனக்கு மொத நாளே தெரியும்மா."

"தெரியுமா?"

"சாரத்து மேல நின்னு இருவது வருசமா குனிஞ்சு செங்கல்லு வாங்குறேன். கீழ இருந்து எடுத்துக் குடுக்கிற கை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இப்பிடித்தான் மடங்கும், இப்பிடித்தான் விரியும். மேஸ்திரி கல்லுன்னு பேரு வச்சாலும் சித்தாளு கையைச் செதுக்கியிருக்கானே, எவனோ நாயஸ்தன்னு நெனைச்சுத்தான் வாங்கினேன். இவளுக்காகத்தான் வாங்கினேன்."

சித்தாளம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நான் டீயைக் குடிக்க மறந்து உக்காந்திருந்தேன். ஒரு சொல்லைத் தப்பாக் கேட்டு, மேல பத்துப் பொய்யைச் சேத்து வித்தேன். அதைத் தாண்டி அந்தக் கை போக வேண்டிய இடத்துக்குத் தானா போயிருக்கு. என் கையை நினைச்சு நான் எத்தனையோ தடவை மெச்சிக்கிட்டிருக்கேன், அன்னிக்கு மாதிரி என்னிக்கும் இல்லை. படத்தை அவர் திருப்பித் தரலை. லேபிளை மட்டும் நகத்தால சுரண்டி எடுத்தார்.

மறுவாரம் வரப்புக்கு வெளிய நின்னே வயல்காரம்மா கிட்டக் கணக்கு ஒப்பிச்சேன். மேஸ்திரி வீட்ல மட்டும் ஏன் லேபிளே இல்லாம விட்டேன்னு கேட்டாங்க. காரணத்தைச் சொன்னேன். கேழ்வரகுத் தாளைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே கேட்டாங்க. கடைசியில, "பொங்கலுக்கு அந்தப் பொம்பளையக் கூட்டிக்கினு வா"ன்னாங்க. "நீயும் உன் பேப்பரைக் கொண்டா."

பொங்கலுக்கு மறுநாள் மேஸ்திரி, அவர் சம்சாரம், நான்னு மூணு பேரும் போனோம், பேப்பரும் மையும் என் பையில. கல்லைக் கழுவி மஞ்சள் தடவினதும், வயல்காரம்மா வளையலைச் சித்தாளம்மா கையில குடுத்துப் போடச் சொன்னாங்க. அவங்க, வேலையில இருக்கிற மாதிரியே முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, கையை நீட்டி அந்தக் கல்லுக் கை மேல ஒவ்வொண்ணாச் சாத்தினாங்க. மேஸ்திரி வரப்புல செருப்பைக் கழட்டிட்டு நின்னுக்கிட்டு இருந்தார். அன்னிக்கு நான் வாயைத் திறக்கலை.