மலர்க்கொடி வாசித்த ஆப்பிரிக்கர்கள்

எங்கள் பள்ளிக்கூட மைக்கின் இரும்பு வலைக்கு ஒரு வாடை உண்டு. துருவும், மழைக்காலத்துப் பூஞ்சையும், அதில் வாய் வைத்துப் பேசிய அத்தனை பேருடைய எச்சிலும் கலந்த வாடை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைப்புச் செய்தி வாசிப்பது என் வேலை என்பதால், தின்ற இட்லியின் ருசி நாக்கிலிருந்து போவதற்குள் அது மூக்கில் ஏறிவிடும். நான் வாசித்து முடித்ததும் மைக்கை வாங்குகிறவள் மலர்க்கொடி. 'பொது அறிவு' அவளுடைய பகுதி.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீரை நம்பிய ஊர் எங்களுடையது. மலர்க்கொடி எங்கள் தெருக்காரி. அவள் அப்பா சிங்காரம் குத்தகை நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா கடைசிவரை 'பண்ணையாள்'. பத்தாவது முடித்ததும் நீடாமங்கலத்தில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து அறிவியல் படிப்பது, பிறகு நர்ஸ் ஆவது என்பது அவள் முடிவு, அப்பாவும் சம்மதித்திருந்தார். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். எங்கள் வகுப்பு அப்படியே அந்தப் பள்ளிக்குத்தான் போகும். போனால் அந்தப் பெயரும் கூடவே வரும்.

அந்தப் பெயர் ஒரு புவியியல் வகுப்பில் பிறந்தது. வரைபடத்தில் ஆசிரியரின் பிரம்பு ஆப்பிரிக்காவைத் தொட்டபோது, கடைசி பெஞ்சிலிருந்து செந்தில், மலர்க்கொடியின் கறுப்பு நிறத்தை வைத்து, "சார், நம்ம மலரு ஊரு" என்றான். வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்த பிறகு அதை அழிக்க யாராலும் முடியவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அவள் 'ஆப்பிரிக்கா'. வலிக்கும் என்று தெரிந்து கூப்பிட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் அதுதான் அவள் பெயர் என்பதுபோலக் கூப்பிட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கூட, "ஆப்பிரிக்கா, உள்ள ஏறும்மா" என்பார், பிரியமாகத்தான். வீட்டில் மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

அவள் அண்ணன் குமரேசன் தான்சானியாவில் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயா, காய்ச்சல் தேவலையா என்று கேட்டு முடித்ததும் அவள் போனை வாங்கி, "அண்ணே, அங்க கஷ்டப்பட்டு மேல வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லு" என்பாள். "எதுக்குடி ஒனக்கு?" என்றால், "பொது அறிவுக்கு" என்பாள். என்னிடம் மட்டும்தான் காரணம் சொன்னாள்: "ஆப்பிரிக்கான்னா மட்டம்னு நெனைச்சுத்தானே கூப்புடறானுவ. மட்டம் இல்லன்னு தெரிஞ்சா விட்டுருவானுவல்ல?"

அப்படித்தான் எங்கள் மைக் வழியாக அந்த மனிதர்கள் வந்தார்கள். ஆலை வாசலில் அவித்த சோளம் விற்று, இப்போது சொந்தமாகப் பஸ்கள் விடும் ஒரு பெண்மணி. மீசை முளைக்கும்வரை மாடு மேய்த்துவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போய், பாய்லர் பிரிவுக்கே தலைவராகி, குமரேசனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். ஏரிக்கரையில் மீன் உலர்த்திய வீட்டில் பிறந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு, அதே ஏரிக்கரைக்குத் திரும்பி வந்து குமரேசனின் மலேரியாவுக்கு ஊசி போட்ட டாக்டரம்மா. உலகம் அறிந்த பெயர் ஒன்றுகூடக் கிடையாது. பத்திரிகையில் வேலை பார்க்கும் இன்றைய கண்ணால் பார்த்தால், வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் வழக்கமாக வெட்டிவிடும் இடங்களை அவள் வெட்டவில்லை என்பது தெரிகிறது. சோளக்காரியின் முதல் பஸ் கவிழ்ந்ததையும், அவள் திரும்பவும் அடுப்போடு வாசலில் வந்து உட்கார்ந்ததையும் விடாமல் வாசித்தாள்.

கைதட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே, "அக்கா, இன்னைக்கு யாருக்கா?" என்று கேட்டார்கள். செந்திலும் ஆர்வமாகத்தான் கேட்பான்: "ஆப்பிரிக்கா, இன்னைக்கு ஒன் சொந்தக்காரங்க யாரு?"

"பஸ்ஸு ஓனரு. ஒனக்கு வேணும்னா கிளீனர் வேல கேட்டுச் சொல்றேன்" என்பாள் அவள்.

அவனும் சேர்ந்து சிரிப்பான். கதைகள் அவன் மனதில் ஏறாமல் இல்லை. டாக்டரம்மாவைப் பற்றி அவனே ஒரு நாள் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். ஆப்பிரிக்கர்கள் மீது மரியாதை வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. இரண்டும் ஒரே வாயில் இருக்க முடியும் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவில், அந்த டாக்டரம்மாவைப் பற்றிப் பேசி மலர்க்கொடி முதல் பரிசு வாங்கினாள். எங்கள் பக்கத்தில் காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் ஃபிளக்ஸ் வைப்பார்கள். அதில் பட்டப்பெயர் இல்லையென்றால் வைத்தவர்கள் நெருங்கிய கூட்டாளிகள் இல்லை என்று அர்த்தம். பையன்கள் காசு போட்டு, பஸ் நிறுத்தத்தில் அவளுக்கும் ஒன்று வைத்தார்கள். இரட்டைச் சடையோடு அவள் படம், பக்கத்தில் ஒரு சிங்கம், நடுவில் 'எங்கள் "ஆப்பிரிக்கா" மலர்க்கொடிக்கு வாழ்த்துகள்.'

நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த சிங்காரம், மகள் படத்தைப் பார்த்து முகம் மலர இறங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அவர். படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

"சிங்காரண்ணே, நாங்கதான் வச்சோம். நல்லாருக்கா?" என்றான் செந்தில்.

"இது யாரு பேரு தம்பி?"

"மலரத்தாண்ணே. எல்லாரும் அப்புடித்தான் கூப்புடுவோம். சும்மா, பாசத்துல."

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். கயிற்றை அவிழ்த்து, ஃபிளக்ஸை மடித்து, கேரியரில் சாக்கோடு சேர்த்துக் கட்டினார். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்: "எத்தன வருசமா?"

பஸ் வந்தது. அவள் ஏறாமல் சைக்கிளுக்குப் பின்னால் நடந்தாள்.

அன்று வீட்டில் அவர் சொன்னதை அவள் எனக்கு மறுநாள் சொன்னாள்: "எங்கப்பன இந்த ஊர்ல எவனும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. ஒனக்காவது பேரு இருக்கட்டும்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன். பேரு புடுங்குற எடத்துக்கு இனிமே அனுப்ப மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்து அவள் நடந்ததைச் சொன்னபோது நானும் பக்கத்தில் காது வைத்திருந்தேன். "இதுக்குத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா?" என்றார் குமரேசன். "இங்க என்னைய பேரு சொல்லித்தான் கூப்புடறாங்க மலரு. குமரேசன்ங்கறது வாயில நொழையாது அவங்களுக்கு. இருந்தாலும் கஷ்டப்பட்டுச் சொல்றாங்க." அப்பாவிடம் பேசிப் பார்த்தார், படிப்பை நிறுத்தாதீங்க என்று கெஞ்சினார். அப்பா அசையவில்லை. மலர்க்கொடி பரீட்சை எழுதினாள், என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு எங்கள் தெருவிலிருந்து நான் மட்டும் பஸ் ஏறினேன். அடுத்த தை மாதம் அவளை மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

சென்ற மாதம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றபோது, முன்னால் நின்ற பைக்கில், வீட்டுக்காரருக்குப் பின்சீட்டில் அவளைப் பார்த்தேன். நடுவில் மகள், நான்காம் வகுப்பாம். கேட் திறக்கும்வரை பேசினோம். சிங்காரம் இப்போது இல்லை. குமரேசன் ஊர் திரும்பி, திருவாரூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பள்ளியின் வழிபாட்டுக் கூட்டத்தில் 'பொது அறிவு' என்ற பகுதியையே எடுத்துவிட்டதாக நான் சொன்னேன்.

"அந்தக் கதையெல்லாம் பாப்பாவுக்குச் சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"சொல்லாம? அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்." அம்மாவின் நிறமேயான மகளின் தலையைத் தடவிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எந்த ஊருன்னு மட்டும் சொல்றதில்ல. எல்லாரும் பட்டுக்கோட்டைப் பக்கம்னு சொல்லி வச்சிருக்கேன்."